கழிதலும் கழித்தலும்

வீடு என்னும் சொல்லின் பிறப்பைப் பற்றி நம் இலக்கண ஆசிரியர்கள் கூறுவது எண்ணிப் பார்க்கத்தக்கது. ‘விடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு ‘வீடு’ என்னும் பெயராயிற்று. ‘கெடு’ என்பது ‘கேடு’ என்றும், ‘படு’ என்பது ‘பாடு’ என்றும் ஆனமை போன்றது இது. பகலெல்லாம் உழைத்தவன் அவ்வுழைப்பை விட்டு ஓய்ந்திருக்கும் இடம் வீடு. பற்றெல்லாம் விட்டொழிந்த பெருநிலையும் வீடு. ஆயினும், இக்காலத்து இல்லங்களுள் புகுந்து காண்போர்க்கு, விடுதல் என்பதையே மறந்த இடத்துக்குத்தான் வீடு என்று பெயரோ என்னும் ஐயம் தோன்றும். அலமாரியின் கதவைத் திறந்தால் துணிகள் காலடியில் சரிந்து விழுகின்றன. கட்டிலின் அடியில், ஒருமுறையேனும் அடுப்பேறாத பாத்திரங்கள் அட்டைப் பெட்டியோடு உறங்குகின்றன. மூடியிழந்த பிளாஸ்டிக் புட்டிகளும், ஓடாத மின்விசிறிகளும், மூன்று திருமணங்களில் கிடைத்த ஒரே மாதிரியான குத்துவிளக்குகளும் பரணை நிறைத்துக்கொண்டிருக்கின்றன.

இவற்றைக் கழிக்க வேண்டுமா என்று கேட்டால், கழிக்கத்தான் வேண்டும் என்பதே என் விடை. அதில் எனக்கு ஐயம் இல்லை. எவ்வாறு கழிப்பது என்பதில்தான் இக்காலத்தார் பலரோடு யான் மாறுபடுகிறேன்.

மாணவர்காள்! பொருநையாற்றின் இரு மருங்கும் இருந்த பழைய வீடுகளை உங்களுள் சிலர் பார்த்திருப்பீர்கள். முன்னே திண்ணை, அடுத்துப் பட்டாசாலை, அதற்கும் உள்ளே வெளிச்சம் குறைந்த ஓர் அறை. அவ்வுள்ளறையை அரங்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கு. வீட்டின் செல்வமெல்லாம் அவ்வரங்கில் அடங்கிவிடும். நெல் கொட்டிவைக்க மண்ணால் ஆன குலுக்கை, அளக்க மரக்காலும் நாழியும் உழக்கும், புடைக்கச் சொளகு, கருப்பட்டியும் புளியும் வைக்கப் பனையோலைப் பெட்டிகள், படுக்கப் பத்தமடைக் கோரைப் பாய். இவையன்றிச் சில வெண்கலப் பாத்திரங்களும் ஒரு மரப்பெட்டி நிறையத் துணிகளும் இருந்தால் அது வளமான வீடு.

அப்பொருள்களெல்லாம் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டன. ஓலைப்பெட்டி நைந்தால் அடுப்புக்குள் போகும். பாய் கிழிந்தால் முற்றத்தில் வற்றல் காய உதவும். அதற்கும் ஆகாதபோது எருக்குழியில் சேரும். உடுத்து நைந்த வேட்டி முதலில் குழந்தைக்குத் தூளியாகும்; பின்னர்ப் பாத்திரம் இறக்கும் பிடிதுணியாகும்; இறுதியில் விளக்குத் திரியாக எரியும். உடைந்த பானை மண்ணோடு மண்ணாகும். ஓட்டை விழுந்த செப்புக்குடத்தைக் கன்னாரிடம் எடை போட்டுக் கொடுத்தால் அது உருகி வேறொரு குடமாகி வரும். பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் தரும் வண்டிக்காரர் தெருவுக்குத் தெரு வருவார். இதனால் அக்காலத்தார் நம்மினும் பற்றற்றவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அவர்களிடம் வாங்குவதற்குப் பணம் இல்லை, அவ்வளவே. பணம் இருந்த வீடுகளில் அன்றும் பரண் நிரம்பித்தான் இருந்தது.

இன்று நிலை வேறு. வாங்குதல் எளிதாயிற்று, பொருள் அழிதல் அரிதாயிற்று. பருத்தித் துணி மண்ணில் கிடந்தால் சில திங்களில் மக்கும். பாலியெஸ்டர் என்னும் செயற்கை இழையோ பிளாஸ்டிக்கின் உடன்பிறப்பு. நம் பேரன் காலத்தும் அது மக்குவதில்லை. ஆகவே, முற்காலத்தில் காலமும் கறையானும் செய்த வேலையை இன்று நாமே செய்ய வேண்டியவர்களாயினோம்.

இதனைக் கற்பிக்க உலகெங்கும் ஆசிரியர்கள் தோன்றியிருக்கிறார்கள். ஜப்பான் நாட்டு மாரி கோண்டோ என்னும் பெண்மணி 2011ஆம் ஆண்டு வீட்டை ஒழுங்குபடுத்துதல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பெரும்புகழ் பெற்றது. பொருள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார், அது உன் உள்ளத்துக்கு மகிழ்வூட்டுகிறதா என்று கேள், ஊட்டினால் வைத்துக்கொள், இல்லையேல் நன்றி கூறி விடைகொடு என்பது அவர் கொள்கை. பொருளுக்கு நன்றி கூறச் சொன்ன அப்பண்பை யான் மதிக்கிறேன். பொங்கலுக்கு மாட்டையும், ஆயுத பூசை நாளில் அரிவாளையும் ஏரையும் வணங்கும் நமக்கு அது புதிதன்று. ஆயினும், மகிழ்வூட்டுகிறதா என்னும் அந்த அளவுகோல் ஒன்றே போதுமா? போதாது என்பதற்கு நம் நெல்லைச் சீமையிலேயே சான்று உண்டு.

அச்சான்றைக் கூறுமுன் வேறொரு மயக்கத்தையும் நீக்கிவிட வேண்டும். பழம்பொருளை வீதியில் எறிபவர்கள் பலர், நன்னூல் ஆசிரியரைத் தமக்குத் துணைக்கு அழைக்கின்றனர். பழையவை நீங்கிப் புதியவை வந்து சேர்வது குற்றமன்று என்று பவணந்தியாரே சொல்லிவிட்டாரே என்பது அவர்கள் வாதம். பவணந்தியார் பேசியது மொழியைப் பற்றி, அடுக்களையைப் பற்றியன்று. அதுவும் நிற்க. அவர் கூறியது ‘கழிதல்’; ‘கழித்தல்’ அன்று. கழிதல் தன்வினை, தானே நிகழ்வது. கழித்தல் பிறவினை, ஒருவன் செய்வது. வழக்கில் ஒருவரும் ஆளாமையால் ஒரு சொல் தானே உதிர்ந்து போவதற்கும், பயன்படும் சொல்லை ஒருவன் பிடுங்கி எறிவதற்கும் வேறுபாடு இல்லையா? ஓர் எழுத்து கூடியதால் பொறுப்பு முழுவதும் நம்மேல் வந்துவிட்டது.

இனி அந்தச் சான்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தற்பொருட்டு ஏடு தேடி நெல்லைச் சீமைக்கு வந்தார். அப்பதிப்பு 1889ஆம் ஆண்டு வெளியாயிற்று. அத்தேட்டத்தில் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ‘என் சரித்திரம்’ என்னும் தம் வரலாற்று நூலில் அவர் எழுதிவைத்துள்ளார். திருநெல்வேலி நகரில் ஒரு வழக்கறிஞரை அவர் கண்டு, அவர் வீட்டில் ஏடுகள் உண்டா என்று வினவினார். ஊர்க்காட்டைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவருடைய ஏடுகள் அவ்வீட்டில் வண்டிக்கணக்காக இருந்தன. இருந்தன என்பதுதான் செய்தி, இருக்கின்றன என்பதன்று. அவை ஒடிந்தும் சிதைந்தும் இடத்தை அடைத்துக்கொண்டு எவருக்கும் பயனின்றிக் கிடந்தமையால், என்ன செய்வது என்று அவ்வழக்கறிஞர் எண்ணியிருக்கிறார். தேர்போலக் கட்டி ஆடிப் பதினெட்டில் நீரில் விடுவது வழக்கம் என்று முதிய பெண்டிர் சிலர் வழி கூறினர். அவ்வாறே அனைத்தையும் வாய்க்காலில் விட்டுவிட்டதாக அவர் ஐயரிடம் சொன்னார். அதனைக் கேட்ட ஐயர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஏடு படித்தவர்களே அறிவர்.

அவ்வழக்கறிஞரைக் கொடியவர் என்று யான் கருதவில்லை. அவர் கல்வி கற்றவர். தமிழை வெறுத்தவரும் அல்லர். குப்பையில் கொட்டாமல், நல்ல நாள் பார்த்து, தேர் கட்டி, மரியாதையோடுதான் அவர் விடைகொடுத்தார். ஜப்பானியப் பெண்மணி சொன்ன முறையை நூற்றாண்டுக்கு முன்னரே அவர் வழுவாது பின்பற்றினார் எனலாம். அவ்வோலைகள் அவர் உள்ளத்துக்கு மகிழ்வூட்டவில்லை, அவருக்கு வேண்டியது இடம், இடம் கிடைத்தது. அவர் கேளாது விட்ட கேள்வி ஒன்றே: இவற்றுள் இருப்பது என்ன?

அக்கேள்வியை அவர் கேட்டிருந்தாலும் விடை சொல்ல அவ்வீட்டில் ஆள் இருந்திருக்குமா என்பது வேறு. ஏட்டெழுத்தைப் படிப்பது எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் இருக்கும். கால் எது, ரகரம் எது என்று இடம் நோக்கித்தான் உணர வேண்டும். செய்யுளை அடி பிரிக்காமல் ஓலையின் ஓரம் முட்டும்வரை தொடர்ந்து எழுதியிருப்பார்கள். பழகிய கண்ணும் பாட்டறிந்த நெஞ்சும் இல்லார்க்கு அது கீறல் விழுந்த ஓலையே. ஆனால், தமக்குப் படிக்கத் தெரியவில்லை என்பது ஏட்டில் ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது. படிக்கத் தெரிந்தவர்கள் அந்த ஊரிலேயே இருந்தார்கள். அந்த நெல்லை நகரிலேயே வேறொரு வீட்டில், கவிராயர் குடும்பம் ஒன்று தன் முன்னோர் ஏடுகளைத் தூசி படியாமல் ஒழுங்குறக் கட்டி அடுக்கி வைத்திருந்ததை ஐயர் கண்டு வியந்தார். ஆற்றின் போக்கில் இன்னும் கீழே ஆழ்வார்திருநகரியில், அவர் நாடி வந்த பத்துப்பாட்டு ஏடு கவிராயர் குடியொன்றின் வழியாகவே கிடைத்தது. வண்டி ஏற்றினால் ஒரு நாளில் அவ்வீடுகளில் இறக்கியிருக்கலாம்.

வீட்டார்தாம் இப்படி என்பதில்லை. அக்காலத்தில் நெல்லை மாவட்டமாகவும், 2019 முதல் தென்காசி மாவட்டமாகவும் உள்ள பகுதியில் கரிவலம்வந்தநல்லூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவருடைய ஏடுகள் இருப்பதாகக் கேள்வியுற்று ஐயர் சென்றார். பழுதான ஏடுகளைக் கண்ட இடத்தில் போடலாகாது, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட வேண்டும் என்னும் நம்பிக்கையால் அவற்றை எரித்துவிட்டதாகக் கோயிலார் கூறினர். அங்கும் மரியாதைக்குக் குறைவில்லை, நெய்க்கும் குறைவில்லை.

அவ்விரண்டு இடத்தும் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. நமக்குப் பெயர் மட்டும் தெரிந்து நூல் கிடைக்காதவை தமிழில் பல. அவற்றுள் ஒன்றேனும் அவற்றோடு போயிருக்கலாம். எல்லாம் சோதிடக் குறிப்புகளாகவே இருந்திருக்கவும் கூடும். தெரிந்துகொள்ள இருந்த ஒரே வாய்ப்பு பறிபோயிற்று என்பதே இழப்பு.

இதைக் கேட்டதும், ‘அதனால்தான் எதையும் எறியலாகாது என்கிறோம்’ என்று பரண் நிறைத்தவர்கள் மகிழ்வார்கள். அவர்களுக்கும் யான் சார்பாகப் பேசவில்லை. ஓலை என்பது சில நூற்றாண்டுகளுக்கு மேல் நில்லாத பொருள். புழுவும் செல்லும் அதனை அரிக்கும். ஆதலால் ஏட்டை வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் கட்டவிழ்த்து, தூசி துடைத்து, எண்ணெய் பூசி, மீண்டும் கட்டி வைத்தனர். ஓலை நொறுங்கும் நிலையை அடையுமுன் புதிய ஓலையில் படி எடுத்தனர். சங்கப் பாட்டுகள் நம் கைக்கு வந்தது, ஒரே ஓலை ஈராயிரம் ஆண்டு கிடந்ததால் அன்று; தலைமுறைதோறும் எவரோ ஒருவர் எடுத்துப் படித்துப் படி எழுதியதால். வண்டிக்கணக்கான ஏடுகளைப் பரணில் ஏற்றி ஏணியை எடுத்துவிட்ட நாளிலேயே அவை கழியத் தொடங்கிவிட்டன. ஆடிப் பதினெட்டில் நடந்தது ஈமக்கடன் மட்டுமே. பாராது வைத்திருத்தலும் ஒருவகைக் கழித்தலே. மெல்ல நிகழ்வதால் அது நமக்குத் தெரிவதில்லை.

வைத்திருத்தல் என்றால் என்ன என்பதற்குச் செட்டிநாட்டிலிருந்து ஒருவரைக் காட்டலாம். கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழிலினர். பழைய நூல்களோடு நில்லாமல், பலரும் ஒருமுறை பார்த்துவிட்டு எறியும் நாடக விளம்பரத் தாள்களையும் அழைப்பிதழ்களையும்கூடத் தேடித் தேடித் தொகுத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; 1994இல் அதனைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் அங்கே செல்லாமல் இருத்தல் அரிது. ஒரு தனிமனிதர் வீட்டில் காகிதம் குவிந்து கிடந்தது என்பது மேலோட்டமான பார்வை. எது எங்கே இருக்கிறது என்பதை அறிந்து அவர் வைத்திருந்தார் என்பதே வேறுபாடு. அறியாமல் குவித்தால் அது அடைசல்.

இனி நம் ஆற்றுக்குத் திரும்புவோம். ஏனெனில் கழிக்க வேண்டியதையெல்லாம் ஆற்றின் தலையில் கட்டும் பழக்கம் அந்த ஆடிப் பதினெட்டோடு முடிந்துவிடவில்லை. பொதிகையினின்று இறங்கும் பொருநை பாபநாசத்தில் சமவெளியைத் தொடுகிறது. அங்கே நீராடவும், முன்னோர்க்குக் கடன் செலுத்தவும் நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். நீராடியபின் உடுத்திருந்த துணியை ஆற்றிலேயே விட்டுச்செல்வது பலர் வழக்கமாகிவிட்டது. துணியோடு தம் தீவினையும் பிணியும் போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அத்துணிகள் பாறை இடுக்குகளில் சிக்கி, மணலில் புதைந்து, நீராடுவோர் காலைச் சுற்றிக்கொள்கின்றன. தன்னார்வத் தொண்டர்களும் உள்ளாட்சிப் பணியாளரும் குவியல் குவியலாக வாரி எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் மீண்டும் குவிகின்றது.

நம்பிக்கையை இகழ்வது என் நோக்கம் அன்று. ஆனால் அது தோன்றிய காலத்தில் மக்கள் உடுத்தியது பருத்தி, வந்தவர்களும் சிலரே. ஆற்றில் விட்ட பருத்தித் துண்டு அடுத்த மழைக்குள் இழையிழையாகப் பிரிந்துவிட்டது. இன்று விடப்படுபவற்றுள் பெரும்பாலானவை மக்காதவை. பாபநாசத்துக்குக் கீழே இவ்வாற்றின்மேல் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் ஈறாக எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்குப் பாய்கின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்கள் பலவும் இந்நீரையே குடிக்கின்றன. ஆகவே பாபநாசத்தில் ஒருவன் விட்டது அவனை விட்டுப் போயிற்றே தவிர, உலகை விட்டுப் போகவில்லை. அது ஒரு மடையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அல்லது கீழூர்க்காரர் ஒருவர் மண்வெட்டியில் வந்து சிக்குகிறது. விட்டேன் என்று பெருமை பேசுபவனை, ‘எங்கே விட்டாய்? யார் தலையில் விட்டாய்?’ என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இதே பள்ளத்தாக்கில் வாழ்ந்த பண்டைத் தமிழர் தம் பொருள்களை விட்ட முறை வேறு. ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைத்தபோது, அவர்கள் ஆண்ட இரும்புக் கருவிகளையும், வெண்கலக் கலங்களையும், சிலரோடு பொன் நெற்றிப்பட்டங்களையும் உடன் வைத்தனர். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே அகழ்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. பொன்னையும் வெண்கலத்தையும் மண்ணில் புதைத்தவர்கள் நம்மினும் பெரிய துறவிகளா, அல்லது இறந்தவனுக்கும் அவை வேண்டும் என்று கருதிய பற்றுடையவர்களா என்று சில வேளை யான் எண்ணுவதுண்டு. எவ்வாறாயினும், அவர்கள் ஒரு நினைவோடு, ஓரிடத்தில், ஒருவருக்கென்று வைத்தார்கள்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் இப்பகுதி கண்ட மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பொருநை கரைபுரண்டு, நாம் அதற்கு அனுப்பியவற்றோடு நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. நீர் வடிந்தபின், சேற்றில் ஊறிய மெத்தைகளும் மரப்பொருள்களும் துணி மூட்டைகளும் தெருவோரங்களில் மலையாகக் கிடந்தன. அப்போது மக்கள் முதலில் தேடியவை எவை? குடும்ப அட்டை, நிலப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், இறந்துபோன தாயின் ஒரே நிழற்படம். ஒரு கைப்பெட்டியில் அடங்குபவை அவை. பல வீடுகளில் அவை நூறு மூட்டைகளுக்கு இடையே எங்கோ கிடந்தன. நீர் ஏறி வந்த அந்நேரத்தில் கைக்கு அகப்படவில்லை. அடைசல் வெறும் அழகுக்கேடு என்று எண்ணியிருந்தோர் அதன் முழுத் தீங்கையும் அன்று கண்டனர்.

பிறருக்குக் கொடுப்பதே நல்வழி என்பது எல்லாரும் ஒப்புவது. ஈரான் நாட்டு மஷ்ஹத் நகரில் 2015ஆம் ஆண்டளவில் ஒரு சுவரில் ஆணிகள் அடித்து, வேண்டாத உடையை இங்கே மாட்டுக, வேண்டியவர் எடுத்துக்கொள்க என்று எழுதிவைத்தனர். அவ்வழக்கம் நாடு கடந்து பரவியது. நம் நெல்லையிலும் ‘அன்புச் சுவர்’ என்னும் பெயரால் அது வந்தது. நல்ல ஏற்பாடு. ஆயினும், இத்தகைய இடங்களில் சிலர் கொண்டுவந்து வைப்பவற்றைப் பார்த்தால் முகம் சுளிக்கத் தோன்றும். பொத்தான் இல்லாத சட்டை, கறைபடிந்த போர்வை, ஒற்றைச் செருப்பு. இது ஈகையாகுமா? தன் வீட்டுக் குப்பைக்கு அறத்தின் பெயரால் இடம் மாற்றம் தருதல் அல்லவா? ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் சொற்களைத் தொல்காப்பியர் கேட்பவரின் நிலை நோக்கி வேறுபடுத்தினார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். பழம்பொருளைக் கொடுக்கும்போது, பெறுபவர் நம்மிடம் ‘தா’ என்று கேட்டதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. துவைத்து, பொத்தான் தைத்து, நாமே உடுக்கலாம் என்னும் நிலையில் தர வேண்டும். அவ்வாறு தரத் தகாததைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கிக்கொள்வதே நேர்மை.

உங்கள் கையிலும் இத்தகைய பொருள் ஒன்று உண்டு. முன்னாளில் ஒரு பாடநூல் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அவனிடமிருந்து அடுத்த வீட்டுச் சிறுவனுக்கும் போகும். அதன் ஓரங்களில் மூவர் கையெழுத்து இருக்கும். இப்போது அரசே விலையின்றி நூல் தருவதால் ஏழைப் பிள்ளைகள் துன்பம் நீங்கிற்று. அது மிக நன்று. ஆனால் ஆண்டு முடிந்ததும் அந்நூல் பழைய தாள் கடையின் தராசுக்குப் போய்விடுகிறது. இலக்கண நூலையேனும் எடை போடாது வைத்துக்கொள்ளுங்கள், மேல்வகுப்பில் தேடுவீர்கள். இது தமிழாசிரியர் ஒருவருக்கு இயல்பான ஒருதலைச்சார்பு என்று கொண்டாலும் குற்றமில்லை.

வீட்டைச் செப்பம் செய்தலை எங்கள் பக்கத்துப் பெண்கள் ‘ஒதுங்க வைத்தல்’ என்பர். அதனதனை அதனதன் இடத்தில் ஒதுக்கி வைப்பது என்பது பொருள், எறிவது என்பதன்று. எங்கள் பூர்விக வீட்டை விற்றுக் கைமாற்ற வேண்டி வந்தபோது, உடன்பிறந்தோர் அனைவரும் கூடி அவ்வாறே ஒதுங்க வைத்தோம். ஒரே நாளில் ஆள் வைத்து அள்ளிவிடலாம் என்றனர் இளையோர். பதினொரு நாள் ஆயிற்று. என் தமக்கையார் அரங்கின் நடுவில் பலகையிட்டு அமர்ந்துகொண்டார். ஒவ்வொரு பொருளும் அவர்முன் வரும். ‘இது என்ன? யாருக்கு ஆகும்?’ என்னும் இரண்டு கேள்விகளே அவர் கேட்டார். ‘உனக்குப் பிடிக்குமா’ என்று ஒருவரையும் கேட்டிலர். பெரிய வெண்கல அண்டா இரண்டும் தெருவுக்குப் பொதுவாயின. எந்த வீட்டில் விசேடம் என்றாலும் இன்று அவை அங்கே போகின்றன. நல்ல சேலைகள் துவைத்து மடித்த பின்னரே வாசற்படி தாண்டின. பூச்சியரித்த தலையணைகளும் உளுத்துப்போன பலகைகளும் எவருடைய இரக்கமும் இன்றிக் கழிக்கப்பட்டன. பாதிக்கு மேல் அவ்வகையே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மச்சில் ஐந்து ஏட்டுக் கட்டுகள் இருந்தன. அவற்றை யான் கைப்பற்றிக்கொண்டு இரண்டு இரவு விளக்கடியில் அமர்ந்தேன். மூன்று சாதகக் கணக்கு. ஒன்று குழந்தைப் பிணிகளுக்கு மருந்து. ஒன்று வயல்களின் நெல் வரவு. இலக்கியம் என்று ஓர் அடியும் இல்லை. இருந்தாலும் அவற்றையும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துச் சுவடித் துறைக்கு அனுப்பினோம். மருந்தும் நெல்லளவும் ஆராய்வோர் அங்கே உண்டு. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், ஐயர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூலகமும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதேனும் இருந்தால், ஒடிந்திருந்தாலும், அவிழ்க்காமல் முதலில் உங்கள் தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டு ஆட்டுரலை மட்டும் எவரும் கேட்கவில்லை. மின்சாரத்தில் மாவரைக்கும் காலத்தில் அக்கல்லை யார் தூக்குவார்? உடைக்கவும் மனம் இல்லை; உடைப்பதால் பயனும் இல்லை. வீட்டை வாங்கியவரிடம் செய்தியைச் சொன்னோம். ‘கிடக்கட்டும் அண்ணாச்சி, கொல்லையில் இடத்துக்கா பஞ்சம்’ என்றார் அவர். இப்போது அதன் குழியில் அவ்வீட்டார் நாள்தோறும் நீர் நிரப்பி வைக்கிறார்கள்; வேம்பிலிருந்து மைனாக்கள் இறங்கிவந்து குடிக்கின்றன.